முதுகுவலி என்று வருபவரின் காலைப் பாருங்கள்

எலும்பு சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் முதலாண்டு பி.ஜி.க்களுக்கும் இதை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, நீங்கள் படித்தும் இருப்பீர்கள். ஆனால் புத்தகம் நோயின் பெயரில் தொடங்குகிறது, ஓ.பி.யில் எதிரே உட்கார்ந்திருப்பவர் "முதுகு வலிக்குதுங்க" என்று தொடங்குகிறார். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தில்தான் பலர் நடையை இழக்கிறார்கள்.

முதுகுவலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு வந்திருப்பது தசைப்பிடிப்போ தேய்மானமோதான். சில வாரங்களில் அதுவாகவே ஆறிவிடும். கிருமி புகுந்த முதுகும் அதே வரிசையில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கும். நம் ஊரில் அந்தக் கிருமி பெரும்பாலும் டிபி. அடுத்தபடியாக ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற சீழ்க்கிருமிகள். டிபி மாதக்கணக்கில் அரிக்கும். சீழ்க்கிருமி நாள்கணக்கில் அரிக்கும், கெட்ட நேரமென்றால் மணிக்கணக்கில். எதிரே இருப்பது எந்த வகை என்று கண்டுகொள்வதுதான் உங்கள் முதல் வேலை. மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

1. வலி எங்கே என்று கேட்பதற்கு முன் எப்போது என்று கேளுங்கள். பாரம் தூக்கினால் கூடி, படுத்தால் குறையும் வலி அவ்வளவாகப் பயமுறுத்தாது. "படுத்தாலும் விடலை, ராத்திரி திரும்பிப் படுக்கக்கூட முடியலை" என்பவரை எழுந்து போக விடாதீர்கள். மெலிவைக் கிலோவில் கேட்டால் பதில் வராது. வேட்டி இடுப்பில் நிற்கிறதா, ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டதா என்று கேட்டால் வரும். காய்ச்சலை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். முதுகெலும்பு டிபியில் பலருக்குக் காய்ச்சலே இருக்காது. இருந்தாலும் சாயங்காலத்தில் லேசாக வந்து போகும், அவர்களே அதைக் கணக்கில் வைப்பதில்லை. இருமல் இல்லை, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதற்காகவும் டிபியைத் தள்ளிவிட முடியாது.

2. ஆளைப் பாருங்கள். சர்க்கரை நோயாளி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர், ஹெச்.ஐ.வி. உள்ளவர், சமீபத்தில் சிறுநீர்ப் பாதையில் குழாயோ கருவியோ விடப்பட்டவர், கையில் டிரிப்ஸ் ஊசி போட்ட இடம் புண்ணாகிச் சீழ் வைத்தவர், வீட்டில் டிபி நோயாளி உள்ளவர், ஏற்கெனவே முதுகில் ஊசியோ அறுவையோ செய்துகொண்டவர். இவர்களில் யாருக்காவது புதிதாக முதுகுவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது கிருமி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

3. சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். இது எழுத வேண்டிய அறிவுரையா என்று தோன்றும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் சட்டைக்கு மேலேயே தடவிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதும் பழக்கம் நம் எல்லா ஊரிலும் உண்டு. முதுகின் நடுக்கோட்டில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டுங்கள். ஒரு முள்ளெலும்பு சரிந்திருந்தால் ஒரு முண்டு விரலில் தட்டும்; கண்ணுக்குக் கூன் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும். பிறகு கைமுட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தால் அந்த இடத்தைக் கேஸ் ஷீட்டில் படமாக வரையுங்கள்.

குழந்தை என்றால் தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். முதுகில் நோய் உள்ள குழந்தை குனியாது. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுக்கும். தூக்கத்தில் திடீரென்று வீறிட்டு அழுகிறதா என்று தாயிடம் கேளுங்கள். விழித்திருக்கும்போது தசைகள் விறைத்து முதுகைக் காக்கும். தூக்கத்தில் அந்தக் காவல் தளர்ந்து எலும்பு அசையும், அதனால் அந்த அலறல்.

அடிவயிற்றையும் தொடை இடுக்கையும் விட்டுவிடாதீர்கள். இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளில் உண்டாகும் டிபி சீழ், சோவாஸ் தசையின் உறை வழியாக இறங்கித் தொடை இடுக்கில் கட்டியாக வந்து நிற்கும். தொட்டால் சூடு இருக்காது, வலியும் இருக்காது. குடலிறக்கம் என்றோ நெறிகட்டி என்றோ நினைத்துக் கத்தி வைத்தால் மாதக்கணக்கில் ஆறாத புரைதான் மிஞ்சும். ஒரு காலை மடக்கியே வைத்திருப்பவரை இடுப்பு மூட்டு நோயாளி என்று முடிவு செய்யுமுன் முதுகைப் பாருங்கள். கழுத்து எலும்பில் நோய் இருந்தால் சீழ் தொண்டையின் பின்சுவரில் தேங்கும். "முழுங்கக் கஷ்டமா இருக்கு" என்பவரின் கழுத்தையும் அசைத்துப் பாருங்கள், ஆனால் மிக மெதுவாக.

4. இப்போது கால். தலைப்பில் நான் வைத்தது இதைத்தான்.

தண்டுவடம் நசுங்கத் தொடங்கும்போது நோயாளிக்கு அது தெரியாது. டிபி வாதத்தின் முதல் படியில் அவர் நன்றாக நடந்தே வருவார். குறையை மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாதத்தை வெடுக்கென்று மேலே தள்ளிப் பிடித்தால் கணுக்கால் துடித்துக்கொண்டே இருக்கும். உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேலே போகும். அவ்வளவுதான் அடையாளம். இரண்டாம் படியில் கால் தடுமாறுவது அவருக்கே தெரியும், ஆனாலும் பிடித்துக்கொண்டு நடப்பார். மூன்றாம் படியில் படுக்கை. நான்காம் படியில் உணர்ச்சி போய், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை விட்டுப் போகும். முதல் படியில் பிடித்தவர்களில் பெரும்பாலோர் மருந்திலேயே மீள்கிறார்கள். நான்காம் படியில் வந்தவருக்கு நாம் என்ன செய்தாலும் பாதி நம்பிக்கைதான்.

நோயாளியின் மொழியில் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். "உணர்ச்சிக் குறைவு இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்பார். "செருப்பு கழன்று விழுந்தா தெரியுதா?" என்று கேளுங்கள். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். "நெஞ்சைச் சுத்திக் கயிறு கட்டி இறுக்கின மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள், இருக்கிறது என்றால் அந்தக் கயிற்றின் உயரத்தில்தான் நோய் இருக்கும், பெரும்பாலும். சிறுநீரைப் பற்றி நேராகக் கேளுங்கள்: ஒண்ணுக்குப் போக முக்க வேண்டியிருக்கிறதா, போன பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுகிறதா. சந்தேகமென்றால் போன பிறகு ஸ்கேனில் அளவெடுங்கள். 100 மில்லிக்கு மேல் தேங்கி நின்றால் அலட்சியம் கூடாது. பெண் நோயாளிகளிடம் இதையெல்லாம் கேட்க இளம் டாக்டர்கள் கூச்சப்படுகிறார்கள். நர்ஸ் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

வார்டில் சேர்த்த பிறகு தினமும் காலின் பலத்தை எண்ணில் எழுதுங்கள், நேரத்தோடு. "பரவாயில்லை", "அப்படியே இருக்கிறது" என்றெல்லாம் எழுதிய கேஸ் ஷீட் இரவு டியூட்டிக்கு வருபவருக்கு ஒன்றுக்கும் உதவாது. காலையில் நான்காக இருந்தது மாலையில் மூன்று என்று எழுதியிருந்தால் அவர் உடனே போனை எடுப்பார்.

5. மணிக்கணக்கில் கெடுக்கும் நோய் ஒன்று உண்டு: தண்டுவட உறைக்கு வெளியே தேங்கும் சீழ், எபிடியூரல் ஆப்ஸெஸ். முதுகுவலி, காய்ச்சல், கால் தளர்ச்சி மூன்றும் சேர்ந்து வரும் என்று புத்தகம் சொல்லும். மூன்றும் ஒன்றாக வருபவர்கள் சிறுபான்மைதான். மூன்றும் கூடட்டும் என்று காத்திருந்தால் மூன்றாவது வரும்போது காலம் கடந்திருக்கும். முதலில் முதுகுவலி, பிறகு மின்சாரம் போல ஓடும் நரம்பு வலி, பிறகு தளர்ச்சி, பிறகு வாதம் என்று அது படியிறங்கும். முதல் இரண்டு படிகளில் பல நாள் நின்றுவிட்டுக் கடைசி இரண்டையும் ஒரே இரவில் தாண்டிவிடக்கூடியது அது.

சர்க்கரை நோயாளி, கடும் முதுகுவலி, சி.ஆர்.பி. மிக அதிகம் என்றால் அன்றே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். "நாளைக்கு ஸ்லாட் கிடைக்கும்" என்பதை ஏற்காதீர்கள், கெஞ்சியோ சண்டை போட்டோ வாங்குங்கள். இரண்டு செட் பிளட் கல்ச்சர் எடுத்த கையோடு ஆன்டிபயாட்டிக் தொடங்குங்கள். எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு வான்கோமைசினும், கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினும் சேர்ந்ததாக அது இருக்கட்டும். முதுகு அறுவை நிபுணரை நள்ளிரவானாலும் எழுப்புங்கள். மூளைக்காய்ச்சலோ என்ற சந்தேகத்தில் வலிக்கும் இடத்திலேயே ஊசி விட்டுத் தண்டுவட நீர் எடுக்கப் போகாதீர்கள். ஊசி சீழ் வழியாகப் போய்க் கிருமியை உள்ளே கொண்டு சேர்க்கும். இந்த நோயில் முழுவாதம் வந்து ஒன்றிரண்டு நாள் ஆகிவிட்டால் அறுவை செய்தும் கால் திரும்புவது அபூர்வம். டிபி வாதம் இதற்கு நேர்மாறு, பல வாரம் படுத்திருந்தவர்கூட எழுந்து நடந்ததுண்டு. அந்தப் பழக்கத்தில் எல்லா வாதத்துக்கும் பொறுமை காட்டிவிடக் கூடாது.

6. எக்ஸ்ரே நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எலும்பின் சுண்ணச்சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியத் தொடங்கும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் செலவில்லாத பரிசோதனைகள். நோய்க்குப் பெயர் வைக்காது, அலாரம் அடிக்கும், அது போதும். எம்.ஆர்.ஐ. எழுதும்போது முதுகு முழுவதையும் எழுதுங்கள். வலிக்கும் இடத்துக்குப் பல எலும்பு தள்ளி இன்னொரு இடத்திலும் டிபி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

படத்தில் புற்றையும் கிருமியையும் பிரிக்க ஒரு பழைய கைவிதி உண்டு. புற்று எலும்பைத் தின்னும், நடுவிலுள்ள டிஸ்க்கை விட்டுவிடும். கிருமி டிஸ்க்கைத் தாண்டிப் பக்கத்து எலும்புக்குப் போகும். டிபி டிஸ்க்கைக் கொஞ்ச காலம் விட்டுவைக்கும், சீழ்க்கிருமி முதலிலேயே கரைக்கும். டிபியில் பல எலும்புகளுக்கு முன்னால் தசைநாருக்கு அடியில் சீழ் ஓடும், சுவர் மெல்லியதாக வழவழப்பாக இருக்கும். இவையெல்லாம் ஒரு பக்கம் சாய்க்கும் குறிப்புகள், அவ்வளவுதான். ரேடியாலஜி ரிப்போர்ட்டில் "காக்ஸ் ஸ்பைன்" என்று ஒரு வரி பார்த்தவுடன் டிபி மாத்திரை எழுதிவிடும் அவசரத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரிப்போர்ட் எழுதுபவர் நிழலைப் பார்க்கிறார், கிருமியைப் பார்க்கவில்லை.

7. திசு எடுங்கள். இந்தக் கட்டுரையில் இரண்டே இரண்டுதான் நினைவிருக்கும் என்றால், கால் பலமும் இதுவும் இருக்கட்டும்.

நோயாளி நிலையாக இருக்கிறார், கால் நன்றாக இருக்கிறது என்றால் கிருமியின் பெயர் தெரியும்வரை மருந்தைத் தொடாதீர்கள். சி.டி. பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கமிருந்து ஊசி விட்டுத் திசு எடுக்கலாம். பெரும்பாலும் பொது மயக்கம்கூட வேண்டாம். கால் தளர்கிறது அல்லது ரத்தத்தில் கிருமி பரவி ரத்த அழுத்தம் விழுகிறது என்றால் விதி மாறும். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள், திசு பின்னால் வரட்டும். பிளட் கல்ச்சரிலேயே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வந்துவிட்டால் முதுகில் ஊசி தேவையில்லை, பெயர் கிடைத்துவிட்டது. உடனே எக்கோ எடுத்து இதய வால்வைப் பாருங்கள்.

எடுத்த திசுவை முழுக்க ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பும் காரியம் இன்றைக்கும் நடக்கிறது. ஃபார்மலினில் கிருமி செத்துப்போகும், எந்தக் கல்ச்சரிலும் வளராது. ஒரு பங்கு ஃபார்மலினில், பயாப்சிக்கு. இன்னொரு பங்கு சுத்தமான ஸலைனில், கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும். பாட்டில்கள் இரண்டையும் அறைக்குள் நுழையும் முன்பே நீங்களே எழுதி ஒட்டி வையுங்கள். எலும்பு டிபியில் கிருமி எண்ணிக்கை குறைவு, அதனால் ஸ்மியரில் பெரும்பாலும் தெரியாது. சிபிநாட் சுமார் 2 மணி நேரத்தில் டிபி கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் அதன்மேல் வேலை செய்யுமா என்று சொல்லிவிடும். அது இல்லை என்று சொன்னாலும் கல்ச்சர் முடியும்வரை பொறுங்கள்.

திசு எடுக்குமுன் நோயாளி என்ன சாப்பிட்டார் என்று துருவிக் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச்சளி என்று யாராவது லெவோஃப்ளாக்ஸசின் கொடுத்திருப்பார்கள். அதற்கு டிபி கிருமி பாதி மயங்கும். சாகாது, வளரவும் வளராது. வலிக்கு முதுகில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் சில வாரம் சுகமாக இருந்திருக்கும், உள்ளே நோய் பரவியிருக்கும். இ.எஸ்.ஆர். அதிகமாக உள்ள முதுகுவலிக்கு யாரும் ஸ்டீராய்டு ஊசி போடக் கூடாது என்பது என் பிடிவாதம்.

8. டிபியும் ஸ்டஃபைலோகாக்கஸும் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். மாடு, ஆடு வளர்ப்பவர், கால்நடைகளுக்குப் பிரசவம் பார்ப்பவர், பச்சைப்பால் குடிப்பவர் ஆகியோருக்கு புரூசெல்லா வரலாம். அது பெரும்பாலும் இடுப்பு முள்ளெலும்புகளின் கீழ்ப்பகுதியில் வரும், காய்ச்சல் ஏறி ஏறி இறங்கும், உடம்பு வியர்த்துக் கொட்டும். அதற்கு டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்துக் கொடுப்பது ஒரு வழக்கமான முறை. இங்கே ஒரு பொறி இருக்கிறது: டிபி இல்லை என்று உறுதியாகாமல் இப்படிக் கொடுத்தால், உள்ளே டிபி இருந்துவிட்டால் அதன்மேல் வேலை செய்வது ரிஃபாம்பிசின் ஒன்றுதான். ஒற்றை மருந்துக்குக் கிருமி பழகிக்கொள்ளும். பெயர் உறுதியாகும்வரை ரிஃபாம்பிசினுக்குப் பதில் ஜென்டாமைசின் சேர்ப்பது நல்லது.

மழைக்காலத்தில் வயலிலும் சேற்றிலும் நிற்கும் சர்க்கரை நோயாளிக்கு மெலியாய்டோசிஸ் வரலாம். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி அது. ஆய்வகத்தில் ஏதோ சூடோமோனாஸ், மாசு என்று ஒதுக்கப்படும் அபாயம் உண்டு. ஸெஃப்டாஸிடைமோ மெரோபெனமோ வாரக்கணக்கில் நரம்பு வழி கொடுத்து, பிறகு கோ-ட்ரைமாக்ஸசோலை மாதக்கணக்கில் தொடர வேண்டிய நோய். புரூசெல்லாவோ மெலியாய்டோசிஸோ சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தட்டைத் திறக்கும் டெக்னீஷியனுக்கே அந்தக் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும்.

9. "படுக்கையில் எத்தனை மாதம் டாக்டர்?" என்று குடும்பத்தார் கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்ல நம் ஊர்க் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

லண்டனில் 1779-ல் பெர்சிவல் பாட், கூனும் கால்வாதமும் சேர்ந்து வரும் நோயை விவரித்து எழுதினார். காரணம் அவருக்குத் தெரியாது. டிபி கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882-ல்தான். முதுகின் இருபுறமும் காரம் வைத்துப் புண்ணாக்கிச் சீழ் வடியவிடுவதுதான் பாட்டின் வைத்தியம். பிறகு வந்தது படுக்கையும் பிளாஸ்டரும் நல்ல காற்றும். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் அந்தக் காலத்தின் பிள்ளை. மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அது இன்றைக்கு ஒரு ஸ்டேஷன் பெயர்.

மருந்து வந்த பிறகு, சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நுரையீரல் டிபி உள்ளவர்களில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தும் இன்னொரு பிரிவினரை வீட்டில் இருக்கவிட்டும் ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். நெரிசலான வீட்டில், நல்ல சாப்பாடுகூட இல்லாமல் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறினார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களைக் காலியாக்கியது. முதுகெலும்புக்கு அதே கேள்வியைக் கொரியாவில் மஸானிலும் புஸானிலும் கேட்டார்கள். மருந்து ஒழுங்காகப் போனால் மாதக்கணக்கான படுக்கையும் பிளாஸ்டர் சட்டையும் கூடுதல் பலன் எதையும் தரவில்லை. பிறகு சென்னையில், நடமாடிக்கொண்டே 6 அல்லது 9 மாதம் மருந்து சாப்பிட்டவர்களையும், ஹாங்காங் முறையில் முன்பக்கம் திறந்து நோயுற்ற எலும்பை அகற்றியவர்களையும் ஒப்பிட்டார்கள். 1999-ல் வெளிவந்த பத்தாண்டு அறிக்கையிலும், நடமாடியபடியே மருந்து சாப்பிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள்.

ஆகவே குடும்பத்தாரிடம் சொல்லுங்கள்: வலி அடங்கும்வரை ஓய்வு, பிறகு பெல்ட்டோடு நடமாட்டம். ஆனால் இந்த ஆய்வைக் காட்டி எல்லோருக்கும் அறுவை வேண்டாம் என்று வாதாடாதீர்கள். நடக்கவே முடியாதவர்களை அதில் சேர்க்கவில்லை. கிருமி செத்தது என்பதும் முதுகு நேராக நின்றது என்பதும் வேறு வேறு.

10. அறுவை யாருக்கு? மருந்து தொடங்கியும் கால் தளர்ந்துகொண்டே போனால், வந்தபோதே முழுவாதமாக இருந்தால், எலும்பு நொறுங்கி முதுகு நிலைகொள்ளாவிட்டால், கூன் கூடினால், சீழ் மூச்சையோ விழுங்குதலையோ அடைத்தால், ஊசியில் திசு கிடைக்காமல் நோயின் பெயர் தெரியாவிட்டால். காசியில் டாக்டர் துலி வகுத்த நடுவழியும் ஏறக்குறைய இதுதான்: எல்லோருக்கும் மருந்து, தேவைப்படுவோருக்குக் கத்தி.

ஒரு தடை மட்டும் கல்லில் பொறித்தது. நோய் எலும்பின் முன்பகுதியில் இருக்கும்போது, பின்பக்க வளைவை மட்டும் எடுத்துவிட்டு வரும் லாமினெக்டமியைத் தனியாகச் செய்யக் கூடாது. முன்தூண் ஏற்கெனவே கரைந்துவிட்டது. பின்சுவரையும் இடித்தால் முதுகு மடிந்து விழும். பின்பக்கமாகப் போனாலும் டைட்டானியம் திருகு போட்டு நிலைநிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும். சீழுள்ள இடத்தில் உலோகமா என்று பயப்படுவார்கள். சுத்தமாக அகற்றி மருந்தும் சரியாகக் கொடுத்தால் டிபியில் உலோகம் தாங்குகிறது.

11. டிபி என்று உறுதியானால் அன்றே நிக்ஷய் தளத்தில் பதிவு செய்யுங்கள். எலும்பு டிபிக்கு தேசியத் திட்டத்தின் கணக்கு 12 மாதம்: நான்கு மருந்து 2 மாதம், அதில் பைரஸினமைடை விட்டு மூன்று மருந்து 10 மாதம். 6 மாதமே போதும் என்று வாதிடும் நிபுணர்கள் உண்டு, அவர்கள் கையில் ஆய்வும் உண்டு. நான் திட்டத்தின் பக்கம், ஏனென்றால் எலும்புக்குள் கிருமி தீர்ந்ததா என்று பார்க்க நமக்கு எளிய வழி இல்லை. எடைக்குத்தான் மாத்திரை எண்ணிக்கை. தேறத் தேற எடை ஏறும், அதற்கேற்ப மாத்திரையும் ஏற வேண்டும், இது பலருக்கு மறந்துபோகிறது.

முதல் நாளே சொல்லிவிடுங்கள்: சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பார்கள். கண் மங்கினால், சிவப்பும் பச்சையும் குழம்பினால் எதாம்புடாலை நிறுத்திவிட்டு உடனே வரட்டும். வாந்தியும் கண்ணில் மஞ்சளும் என்றால் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு அன்றே வரட்டும். பி6 மாத்திரையைச் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் ஐசோனியஸிட் தரும் பாத எரிச்சலைத் தண்டுவடக் குறை என்று நீங்களே குழம்புவீர்கள். கருத்தடை மாத்திரையையும் வார்ஃபாரினையும் ரிஃபாம்பிசின் பலமிழக்கச் செய்யும், கேட்டு எழுதுங்கள்.

சாப்பாட்டுக்கு அரசு தரும் தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாகியிருக்கிறது. வங்கிக் கணக்கு இல்லாததால் நின்றுபோன தொகைகளை நீங்கள் ஒரு போன் போட்டுத் தீர்க்கலாம். காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் படிவத்தில் துணையின்றி நிற்க முடிகிறதா என்று ஒரு கேள்வி வரும். முதுகு நோயாளிக்கு இல்லை என்று குறிக்குமுன், உடம்பு நலிந்ததால் நிற்க முடியவில்லையா, தண்டுவடத்தாலா என்று பாருங்கள். இரண்டுக்கும் போகும் வழி வேறு.

12. சீழ்க்கிருமி என்றால் 6 வாரம். 12 வாரத்தோடு ஒப்பிட்டு 2015-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு 6 வாரமே போதும் என்று காட்டியது. வடிக்க முடியாத பெரிய சீழ், எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் கொஞ்சம் நீட்டலாம். சி.ஆர்.பி. வாரத்துக்கு வாரம் இறங்க வேண்டும். வலி குறைந்து, சி.ஆர்.பி. இறங்கி, கால் நன்றாக இருந்தால் மறு எம்.ஆர்.ஐ. வேண்டாம். நோயாளி தேறும்போதும் சில வாரம் படம் மோசமாகத் தெரியும், அதைப் பார்த்துப் பதறித் தேவையில்லாத அறுவைக்கு ஓடுவார்கள்.

13. டிபி மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் கட்டி பெரிதாகலாம், புதிய கட்டி வரலாம். எடையும் பசியும் ஏறுகின்றன என்றால் அது பெரும்பாலும் உடம்பின் எதிர்வினை, மருந்தை மாற்றாதீர்கள். எடை ஏறவில்லை, வலி விடவில்லை, இ.எஸ்.ஆர். அசையவில்லை என்றால் முதலில் மாத்திரை உண்மையில் வயிற்றுக்குள் போகிறதா என்று பாருங்கள். பிறகு மறுபடி திசு. மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக இருக்கலாம், டிபியே இல்லாமலும் இருக்கலாம். புதிதாக ஒரே ஒரு மருந்தை மட்டும் சேர்த்துப் பார்ப்பது கூடவே கூடாது.

14. வாதம் வந்தவரைக் கொல்வது பெரும்பாலும் முதுகு இல்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் காலில் உறையும் ரத்தமும்தான். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், முதுகு முறுகாமல், தோளும் இடுப்பும் ஒன்றாக உருளும்படி. கட்டிலருகே இருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ நீங்களே கைபிடித்துக் கற்றுக்கொடுங்கள். குதிகாலை அவர்களையே தினம் பார்க்கச் சொல்லுங்கள். சுளுக்கெடுக்கிறேன், கட்டுப் போடுகிறேன் என்று யாராவது வீட்டுக்கு வந்தால் முதுகைத் தொடவிடக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், திட்டாமல். அவர்கள் நம்மிடம் வருவதற்கு முன்னால் பெரும்பாலும் அங்கே போயிருப்பார்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள்.

15. குழந்தைகளை மருந்து முடிந்ததும் விட்டுவிடாதீர்கள். பெரியவர்களுக்கு நோய் ஆறியதும் கூன் ஏறக்குறைய அப்படியே நிற்கும். குழந்தைக்கு வளர்ச்சி பாக்கி இருக்கிறது. கிருமி முழுக்கச் செத்த பிறகும் சிலருக்கு வளர வளரக் கூன் நிமிர்கிறது, சிலருக்கு வளர வளரக் கூடிக்கொண்டே போகிறது. சென்னை ஆய்வின் குழந்தைகளைப் பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்து பார்த்துக் கோவையின் டாக்டர் ராஜசேகரன் 2001-ல் எழுதிய கட்டுரையில், கூடப்போவது யாருக்கு என்று முன்பே காட்டும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்கள் இருக்கின்றன: பின்மூட்டுகள் பிரிந்து நிற்பது, நோயுற்ற எலும்பு பின்னால் தள்ளியிருப்பது, பக்கவாட்டில் நகர்ந்திருப்பது, மேல் எலும்பு முன்னால் கவிழ்ந்திருப்பது. இரண்டு அடையாளம் இருந்தாலே கூன் ஏறுமுன் நிலைநிறுத்தும் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். கடும் கூன் பல ஆண்டு கழித்துத் தண்டுவடத்தை வளைத்து இழுத்து, நோயே இல்லாத முதுகிலும் வாதத்தைக் கொண்டுவரும். அந்த வாதத்துக்கு மருந்து இல்லை, அறுவையும் கடினம். வளர்ச்சி நிற்கும்வரை ஆண்டுக்கு ஒரு எக்ஸ்ரே, ஒரு முறை கால் பரிசோதனை. மே மாத விடுமுறையில் வரச்சொல்லித் தேதி எழுதிக்கொடுங்கள். பள்ளி நாட்களில் வரச்சொன்னால் பெற்றோர் தள்ளிப்போடுவார்கள்.